பறவைக்கு இட்ட உடலும் பாதையில் விட்ட உடலும்

(கொத்மலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இறந்தவரின் உடலைக் கழுகுகளுக்கு இரையாக இடும் வழக்கம் உலகில் உண்டு என்று கேள்விப்பட்டதும் நம்மில் பலருக்கும் உடம்பு கூசும். இப்படியும் மனிதர் செய்வார்களா என்று மனம் கேட்கும். பெற்றவளின் உடலைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி இட்டு அனுப்பிப் பழகிய மக்களுக்கு அந்தக் கூச்சம் இயல்பு. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, எரிப்பவரும் புதைப்பவரும் நாகரிகமுள்ளோர், பறவைக்கு இடுபவர் காட்டுமிராண்டிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோமே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஓர் உடலுக்கு மரியாதை கிடைத்ததா என்பதை அது தீயில் வெந்ததா, மண்ணில் மக்கியதா, பறவையின் வயிற்றில் போனதா என்பதைக் கொண்டு அறிய முடியாது. அந்த வழியை யார் தேர்ந்தார்கள், உடலோடு யார் நடந்தார்கள், அது போய்ச் சேர்ந்த இடம் பிறகு யார் கையில் இருந்தது என்று கேட்டால்தான் அறியலாம். இதை நிறுவுவதே என் நோக்கம். திபெத்தில் தொடங்கினாலும் என் பேச்சு வந்து சேரப் போவது பூண்டுலோயா, தவலந்தென்னை, றம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களின் மயானங்களுக்குத்தான்.

திபெத்தியர் இந்தச் சடங்கை ஜாத்தோர் என்கிறார்கள். உயிர் பிரிந்தபின் சில நாள் உடலை வீட்டிலேயே வைத்து, லாமா ஒருவர் பக்கத்தில் இருந்து ஓதுவார். கருவில் கிடந்த பிள்ளையைப்போல் முழங்காலை மடக்கித் துணியில் சுற்றி, விடிகிற நேரத்தில் மலைமேல் உள்ள பாறைத் தளத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ரோக்யாபா எனப்படும் தொழிலாளர்கள் உடலைக் கூறுபடுத்துவார்கள். எலும்பையும் விடாமல் நொறுக்கி, வறுத்த வாற்கோதுமை மாவில் பிசைந்து கழுகுகளுக்கு வைப்பார்கள். மிச்சமில்லாமல் தீர்ந்தால் நல்லது என்பது நம்பிக்கை. இதற்கு நிலமும் ஒரு காரணம். 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மேட்டுநிலத்தில் மண் உறைந்து கிடக்கும், கீழே பாறை இருக்கும், விறகு அரிது. ஆனால் நிலம் மட்டுமே காரணமென்றால் ஓதுதலும் சடங்கும் வேண்டியதில்லை. உயிர் நீங்கிய உடலால் இனி ஆகக்கூடிய ஒரே நன்மை இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது என்ற பௌத்த எண்ணம் அதன் உள்ளே இருக்கிறது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் சீன அரசு இதைத் தடுத்தது. 1980களில் மீண்டும் இடங்கொடுத்தது. வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கத் தொடங்கியபோது, அதற்குத் தடை விதிக்கும் விதிகளும் 2006இல் வந்தன. உறவினரைப் புண்படுத்தியது கழுகின் அலகன்று, அந்நியரின் கமராதான் என்பதைக் கவனியுங்கள்.

பார்சிகளின் வழி இன்னொன்று. சரதுஷ்டிர மதத்தவரான அவர்களுக்கு நெருப்பும் நீரும் மண்ணும் தூயவை. பிணத்தால் அவற்றைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்பது விதி. ஆகவே கூரையில்லாத வட்டக் கோபுரம் ஒன்றைக் கட்டி, அதன் தளத்தில் உடலைக் கிடத்துவார்கள். தளத்தில் மூன்று வட்ட வரிசைகள்: வெளிவரிசை ஆண்களுக்கு, நடுவரிசை பெண்களுக்கு, உள்வரிசை குழந்தைகளுக்கு. நடுவில் ஒரு கிணறு. வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்புகள் அதில் போய்ச் சேரும். கோடீசுவரரின் எலும்பும் கூலிக்காரரின் எலும்பும் ஒரே கிணற்றில் கலக்கின்றன என்பதை அம்மதத்தவர் பெருமையோடு சொல்வதுண்டு. மும்பாயின் மலபார் குன்றில் இந்தக் கோபுரங்கள் 17ஆம் நூற்றாண்டு முதல் இருக்கின்றன. ஆனால் 1990களில் இந்தியக் கழுகுகள் அழியத் தொடங்கின. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுக் கழுகுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டன. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது, ஆனால் கழுகுகள் திரும்பவில்லை. சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள். சமூகத்துக்குள் பெரும் வாதம் நடந்தது. 2015இல் வொர்லி மயானத்தில் பார்சிகளுக்கென ஒரு பிரார்த்தனை மண்டபம் எழுந்தது. 2024 அக்டோபரில் பார்சித் தொழிலதிபர் ரத்தன் டாட்டாவின் உடல் வொர்லியில்தான் தகனமானது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. மாற்றத்தை ஏற்றவரும் ஏற்காதவரும் தங்கள் இறந்தோரைக் கைவிடவில்லை. முறை மாறலாம், தீர்மானம் தம் கையில் இருக்கும்வரை மரியாதை குலைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத அயலார் வழக்கங்கள் என்று ஒருவர் சொல்லலாம். தமிழரின் பழைய ஏடுகளும் மண்ணுக்குள் கிடைத்தவையும் அப்படிச் சொல்ல விடவில்லை. மணிமேகலையின் ஆறாவது காதை புகார் நகரத்து மயானத்தை வருணிக்கையில், அங்கே ஐந்து வகையாக உடலை ஒப்படைப்பவர்கள் வந்துபோனதைச் சொல்கிறது. எரிப்பவர், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், பள்ளத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர் என ஐவகையினரும் ஒரே மயானத்தில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் இழிவாகச் சொல்லவில்லை. ஆதிச்சநல்லூரின் தாழிகளை நாம் அறிவோம். அவற்றை ஒத்த தாழிக்காடு புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலும் உண்டு. அங்கே ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகள், அதுவும் முழுமையாக இல்லாமல் கிடைத்தன. உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, சதை நீங்கியபின் எலும்பைப் பொறுக்கி வைத்தார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். இதே தீவின் வேடர்கள், இறந்தவரைக் குகையிலேயே இலைதழை மூடிக் கிடத்திவிட்டு, அந்தக் குகையை விட்டுக் குடிபெயர்ந்துவிடுவதை செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். பட்டினத்தார் பாடலிலோ தீயும் புழுவும் மண்ணும் பருந்தும் நரியும் நாயும் இந்த உடல் எனக்கு, எனக்கு என்று உரிமை கொண்டாடுகின்றன. இன்னும் ஒரு படி மேலே போய், பருந்துக்குத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழரின் முன்னோனாகத் தமிழ்ப் புலவர்கள் போற்றினார்கள். பறவைக்கு உடலைத் தருவது கொடை என்ற எண்ணம் நம் மொழிக்குப் புதிதல்ல.

எனினும் இலங்கையில் அந்தச் சடங்கு வேரூன்றியிருக்க முடியாது. இந்தத் தீவில் பிணந்தின்னிக் கழுகு இனம் எதுவும் குடியிருக்கவில்லை. கொழும்பில் வாழும் சிறு பார்சிச் சமூகமும் தன் இறந்தோரைப் புதைத்தே வருகிறது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், இந்த மலைநாட்டில் தாம் கண்டதை 1681இல் எழுதினார். உயர்ந்த நிலையில் இருந்தவர்களை எரித்தார்கள், எளியவர்களை இரண்டு மூன்று பேர் காட்டுக்குள் தூக்கிப்போய் ஆரவாரமின்றிப் புதைத்தார்கள் என்கிறார். ஆக, எரிப்பதா புதைப்பதா என்பது நம்பிக்கையின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை, ஏற்றத்தாழ்வின் அடையாளமாகவும் இருந்தது. இந்த இடத்தில்தான் நம்முடைய சொந்த வரலாறு தொடங்குகிறது. ஏனெனில் கழுகு இல்லாத இந்த நாட்டிலும் ஆயிரக்கணக்கான தமிழரின் உடல்கள் வெட்டவெளியில் விடப்பட்ட ஒரு காலம் உண்டு. அதைச் சடங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். வறட்சிக் காலத்தில் குடிநீர் கிடையாது, மழைக்காலத்தில் காய்ச்சல், எல்லாக் காலத்திலும் வாந்திபேதி. விழுந்தவருக்காகக் கூட்டம் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை என்பதே சரி, கையில் இருந்த அரிசி அடுத்த தங்குமிடம் வரைக்குத்தான். உயிர் இருக்கும்போதே வழியோரத்தில் விடப்பட்டவர்களும் உண்டு. புதைக்க ஆளில்லாத உடல்களை நரியும் காகமும் தின்றன, பாதை நெடுக எலும்புகள் கிடந்தன என்ற செய்திகள் அந்தக் காலத்துப் பதிவுகளில் வருகின்றன. 1840களில் மட்டும் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நான்கில் ஒருவர், இறந்திருக்கலாம் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. அந்தத் தொகை மிகையானது, திரும்பிப் போனவர்களைச் சரியாக எண்ணாததால் வந்தது என்று பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். செத்தவரை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை என்பதே அந்த மறுப்பின் அடியிலும் இருக்கும் உண்மை. ஒரு மூட்டை கோப்பிக்கு இருந்த கணக்கு அதைப் பயிரிட வந்தவனுக்கு இருக்கவில்லை. 2023இல் மலையக வருகையின் 200ஆம் ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, பெயர் தெரியாத அந்த இறந்தோருக்கு முதன்முறையாகப் பெருந்திரளாக ஒரு வழித்துணை கிடைத்தது என்பேன்.

திபெத்தின் பாறையில் கிடந்த உடலையும் மன்னார்ப் பாதையில் கிடந்த உடலையும் ஒரே பேச்சில் வைப்பது திபெத்தியரை அவமதிப்பதாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நான் அவற்றை ஒன்றாக்கவில்லை. பிணத்தைத் தொட்ட அலகைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மற்றவை எல்லாம் வேறு. அங்கே ஓதுபவர் இருந்தார், சுமந்தவர் இருந்தார், கடைசி எலும்பு வரை கவனித்தவர் இருந்தார், பிள்ளைகள் இந்த இடம்தான் என்று அறிந்திருந்தார்கள். இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. பறவை தின்பதுதான் இழிவு என்று சொல்பவர், பாதையோரத்தில் நிகழ்ந்த இழிவின் காரணத்தைக் காகத்தின்மேலும் நரியின்மேலும் போட்டுவிட்டு, ஆள்பிடித்த முறையையும் வந்து சேர்ந்த கூலியாட்களை மட்டுமே கணக்கில் வைத்த தோட்ட முதலாளியையும் தப்பவிடுகிறார்.

தோட்டத்தை வந்தடைந்தவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இறந்தவரை முறையாக அனுப்புவது. காம்பரா ஒன்று, இஸ்தோப்பு ஒன்று என்று முடக்கப்பட்ட வாழ்க்கையிலும் சாவுச் சடங்கை அவர்கள் குறைக்கவில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் அடுத்த டிவிசனுக்குச் செய்தி போய்விடும். இஸ்தோப்பில் உடல் கிடக்க, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்வார்கள். நீர்மாலை எடுத்து வருவார்கள், உறவுமுறைக்காரர் கோடி போடுவார்கள், பாடை கட்டுவார்கள். தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் நாலு பேர் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து இறங்குவது எளிதன்று. மழையில் கால் வழுக்கும், ஆனாலும் பாடை சாயக்கூடாது. மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி. பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்று தெரிந்தும் முழு லயமும் வேலையை விட்டு வந்து நிற்கும். மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டி, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் செலவைத் தாங்கினார்கள். ஆள், காசு, சடங்கு எல்லாவற்றையும் தாங்களே தேடிக்கொண்ட இந்த மக்களால் ஒன்றை மட்டும் தேடிக்கொள்ள முடியவில்லை. அது மண். குழி வெட்டிய நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமாட்டில் நட்ட கல்லுக்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டு மூன்று பருவமழையில் மேடு கரையும், பிறகு அந்தப் பக்கம் கன்று நட வேண்டுமென்று நிர்வாகம் நினைத்தால் யாரைக் கேட்க வேண்டும்? மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய கவிதையில், தேயிலைக்கு அடியில் கிடப்பவனுக்குக் கல்லறை கொடுத்தவர் யார் என்று கேட்டிருக்கிறார். அதை அழகான சோகமாக மட்டும் படித்துவிடக் கூடாது. அது நிலவுரிமை பற்றிய கேள்வி.

இந்த நிலத்தின் கை மாறிய கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தனியாரிடமும் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமும் இருந்த தோட்டங்களை 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் அரசுடைமை ஆக்கியது. 1992இல் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. எந்தக் கைமாற்றத்திலும் மயானத்தின் பேச்சு முன்னுக்கு வரவில்லை. இடையில் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. கப்பலேறியவர்கள் தகரப்பெட்டியைக் கொண்டுபோனார்கள், தாய்தகப்பன் கிடந்த மண்ணை விட்டுப் போனார்கள். கொத்மலைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த நீர்த்தேக்கத்துக்காகப் பள்ளத்தாக்கின் ஊர்கள் மூழ்கின. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தண்ணீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் சிதைவு வெளியே தெரிவதைப் பார்க்க இன்றும் சனம் கூடுகிறது. மூழ்கிய விகாரைகளின் நினைவாகக் குன்றின்மேல் பெரிய தாதுகோபம் எழுந்தது. அது நியாயமானது, சிங்கள அயலவரின் அந்தத் துக்கத்தை நாம் மதிக்க வேண்டும். முன்னோர் கிடந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற ஆசை இந்தப் பள்ளத்தாக்கில் இரு மொழியாருக்கும் பொதுவானது என்பதை அது காட்டுகிறது.

இனி, நம்மவர் விரும்பிக் கேட்காத ஒரு விடயம். மகாவம்சத்தின் பத்தாம் அதிகாரம், பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் பிணம் தூக்க 150 சண்டாளரையும் மயானம் காக்க 150 சண்டாளரையும் வைத்ததாகச் சொல்கிறது. அவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே. திபெத்தில் ரோக்யாபாக்களோடு மற்றவர்கள் சம்பந்தம் செய்யத் தயங்குவார்கள். மும்பாயில் உடல் சுமக்கும் பார்சித் தொழிலாளரும் நெடுங்காலம் ஒதுக்கியே வைக்கப்பட்டிருந்தார்கள். நம் தோட்டங்களில் தப்பு அடிக்கவும் குழி வெட்டவும் இன்னாரே வரவேண்டும் என்று சாதி பார்த்து ஏவிய வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டதாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இறந்தவருக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த மரியாதையைச் செய்து முடிக்கும் கைகளை இழிவுபடுத்துவது எல்லா முறைகளுக்கும் பொதுவான குற்றம். இளைஞர்கள் முறைவைத்துக் குழி வெட்டும் தோட்டங்கள் இன்று உண்டு. தப்பை மேடையேற்றிக் கலையாக வளர்த்தவர்களும் உண்டு. அந்த வழிதான் சரி. மயான உரிமை கேட்டு ஊர்வலம் போகிற நாம், மயானத்துக்குள்ளேயே சாதிக்கொரு மூலை ஒதுக்கினால் நம் கோரிக்கைக்கு என்ன முகம் இருக்கும்?

பகுத்தறிவு பேசும் நண்பர்களின் மறுப்பு வலுவானது. இறந்தவருக்கு எதுவும் தெரியாது, உயிரோடு இருப்பவருக்கே ஏழு பேர்ச் காணிக்கு நாயாய் அலைகிறோம், இதில் பிணத்துக்கு நிலம் கேட்பதா என்பது அவர்களின் கேள்வி. இறந்தவருக்குத் தெரியாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாதிப்பு இருப்பவர்களுக்குத்தான். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம் குடும்பங்களின் மன்றாட்டம் செவியேறவில்லை. 20 நாள் சிசுவும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது, அதன்பிறகே ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதே காலத்தில் இந்தியாவில் பார்சிகளும் தங்கள் கோபுரத்துக்குக் கொவிட் உடல்களைக் கொண்டுபோக அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2022 பெப்ரவரியில், பறவை தீண்டாதபடி மூடி வைக்கும் ஏற்பாட்டோடு அது தீர்ந்தது. எரிப்பது இழிவா? நம்மில் எத்தனையோ பேர் விரும்பிச் செய்வது அது. ஆனால் விரும்பாதவர்மேல் அதிகாரம் திணித்தபோது அதே நெருப்பு வன்முறையானது. உடல் கிடைக்காதவரின் நிலை இன்னும் கொடியது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரின் உடல் வெளியே வரவேயில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் அதையே பெரிய அளவில் செய்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், காணாமற் போனவர்களும் அநேகர். கருமாதி எந்தத் திகதியில் செய்வது, பாலை எங்கே தெளிப்பது என்று அறியாமல் தவிக்கும் குடும்பத்திடம் போய், இறந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்ற தத்துவத்தைச் சொல்லிப் பயனில்லை.

காணி விடயத்திலும் அந்த மறுப்பு நிற்காது. உயிருள்ளவரின் காணியும் மயானத்தின் காணியும் ஒன்றையொன்று தின்னும் பகையாளிகள் அல்ல. எங்கள் பாட்டன் இங்கே புதைந்திருக்கிறான் என்று காட்ட முடிந்தவனை வந்தேறி என்று சொல்வது கடினம். குடியுரிமையை 1948இல் பறித்தவர்கள் நம்மிடம் தலைமுறைச் சான்று கேட்டதை மறக்கலாமா? அப்போது கையில் பத்திரம் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் சான்று மலைச்சரிவில் கல்லும் மேடுமாகக் கிடந்தது, அதை ஏற்கும் சட்டம் இருக்கவில்லை.

எல்லாரையும் எரித்துவிட்டால் நிலமே வேண்டாமே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. விரும்புகிறவர்களுக்குத் தகனசாலை வசதி அருகில் வேண்டும், சந்தேகமில்லை. விறகு தோட்டத்து மரம், தகனசாலை தொலைவு, வாகனக் கூலி அதிகம் என்ற நிலையில் இன்று அந்த விருப்பமும் ஏழைக்குக் கிடையாது. ஆனால் நில மிச்சத்துக்காகக் கட்டாயப்படுத்தினால் நாமும் 2020இன் தவறையே செய்வோம். மலைச்சரிவில் புதைப்பதால் ஊற்று நீர் கெடும், மண் சரியும் என்ற அச்சம் மட்டும் உண்மையானது. அதற்கு விடை, மயானத்தைக் கண்ட இடத்தில் விடாமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கருத்தையும் கேட்டு இடம் குறிப்பது. இன்னொரு வழியை விரும்புகிறவருக்கும் இடம் வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பியிருக்கிறது. அந்த இயக்கத்துக்கு ஊக்கமாக இருந்ததும் சிபியின் ஜாதகக் கதைதான். கண்ணைக் கொடுப்பவரும், பேராதனை மருத்துவ பீடத்துக்கு உடலையே எழுதிவைப்பவரும், திபெத்தியரின் பறவைத் தானத்துக்கு மனத்தால் மிக அருகில் நிற்கிறார்கள். இவர்களை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. காரணம், கொடுத்தவர் தாமாகக் கொடுத்தார்.

ஆகவே நமக்கு முன்னுள்ள வேலை, எந்த முறை உயர்ந்தது என்று வாதிடுவதில் இல்லை. மயானங்கள் தொடர்பான 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குச் செலவு செய்ய முட்டுக்கட்டையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டத்து மயானத்துக்குப் பாதை போட எங்களுக்கு அதிகாரமில்லை என்று கொத்மலைப் பிரதேச சபை இனிச் சொல்ல முடியாது. குறை நம் பக்கத்திலும் இருக்கிறது, நாம் எழுத்தில் கேட்கவில்லை. உங்கள் தோட்டத்தில் மயானத்தின் பழைய எல்லையை அறிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். எந்த மரத்திலிருந்து எந்த ஓடை வரை என்று கேட்டு எழுதுங்கள், தேயிலை ஏறிவிட்ட பகுதியையும் சேர்த்தே குறியுங்கள், யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லும் பெயர்களைப் பதியுங்கள். அந்தத் தாளில் தோட்டத்து மக்கள் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தரின் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, பிரதேச சபைக்கு ஒரு பிரதி, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். நில அளவை செய்து, எல்லைக் கல் நட்டு, பொது மயானமாக வர்த்தமானியில் அறிவிக்கும்படி கேளுங்கள். எல்லை தெரிந்த பெரியவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.